மானின் வயிற்றில் இருந்த சோறு

வெடி பட்ட மான் ஓடிப்போன பிறகு, அது நின்ற இடத்தில் என்ன கிடக்கிறது என்று பார்த்தால் அது எப்படிச் சாகப்போகிறது என்று சொல்லிவிடலாம். நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல். நூறு கெஜ தூரத்துக்குள் செத்துக் கிடக்கும். கறுத்த இரத்தம் என்றால் ஈரல். எலும்புச் சீவல் கிடந்தால் கால்; அந்த மான் மூன்று காலில் நாள் முழுக்க ஓடும். இரத்தம் அதிகம் இல்லாமல், அரைபட்ட புல் பச்சையாகச் சிதறி, புளித்த நாற்றம் அடித்தால் வயிறு. வயிற்றில் பட்டது மணிக்கணக்காகக் கிடந்துதான் சாகும்.

இதெல்லாம் நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். முழங்காலில் நின்று, மூக்கை நிலத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் படித்தது.

லண்டனுக்கு வந்த காலத்தில், நகரம் முடிந்து வயல் தொடங்குகிற கிழக்குப் பக்கத்தில் ஒரு நாய்ப் பண்ணையில் வேலை கிடைத்தது. கூடு கழுவுவது, சாப்பாடு வைப்பது, நாய்களை நடத்திக்கொண்டு போவது. பன்னிரண்டு வருடம் அதைச் செய்தேன். அங்கே வளர்த்தவை, காயப்பட்ட மானைத் தேடுவதற்கென்றே பழக்குகிற ஜெர்மன் சாதி நாய்கள். செம்மண் நிறம், தொங்கும் காது, கறுத்த மூஞ்சி. ஆட்களோடு பேசுவது எனக்குச் சிறு வயதிலிருந்தே வராது. வார்த்தை வாய்க்குள் வந்து நிற்கும். நான் அதை வெளியே விடுவதற்குள் மற்றவர் வேறு கதைக்குப் போய்விடுவார். நாய்களுக்கு அந்த அவசரம் கிடையாது. பண்ணையை மூடியபோது ஒருவரும் வாங்காமல் ஒரு பெட்டை மிஞ்சியது. அதற்கு ஒரு காது கிழிந்திருந்தது. அதைப் பிளேஸ்டோவில் இருக்கிற என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

மனைவி கதவைத் திறந்து என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மனிசரோட ஒரு சொல்லுக் கதைக்க ஏலாது. நாயோட மட்டும் பாராளுமன்றம் நடத்துங்கோ,” என்றாள். அன்றைக்கே ஒரு பழைய கம்பளியை மடித்துக் குசினி மூலையில் போட்டவளும் அவள்தான்.

இப்போது நான் கிழமை நாட்களில் இறைச்சிக் கடையில் வெட்டுகிறேன். சனி ஞாயிறில் வேட்டைக்காரர்கள் கூப்பிட்டால் நாயோடு போவேன். என் நம்பர் அவர்களுக்குள் கைமாறிப் பரவியிருக்கிறது. ஆங்கிலத்தில் எனக்கு மூன்று கேள்வி தெரிந்தால் போதும். மான் எங்கே நின்றது? வெடி பட்டதும் என்ன செய்தது? எந்தப் பக்கம் ஓடியது? மிச்சத்தை நாய் பார்த்துக்கொள்ளும். பத்து மீட்டர் வார் ஒன்றைக் கழுத்துப் பட்டியில் கொழுவி அதை முன்னால் விட வேண்டும். பின்னால் போகிறவன் வாயை மூடிக்கொண்டு போக வேண்டும். இந்த வேலையில் சட்டம் என்று ஒன்று இருந்தால் அது ஒன்றுதான்.

அந்த ஞாயிறு என்னைக் கூப்பிட்டவர் ஒரு டாக்டர். மதுரைப் பக்கத்து ஆள். ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுக்கிறவர். முறையான லைசென்ஸ் வைத்திருந்தார், பண்ணைக்காரரிடம் அனுமதியும் வாங்கியிருந்தார். பயிரை மேய்கிற மான்களைக் குறைப்பதற்காக, குளிர்காலம் முழுக்கப் பெண் மான் சுடுவார். அவருக்காக நான் முன்பும் இரண்டு தடவை போயிருக்கிறேன். என்னை அண்ணே என்பார். நான் பேசுகிற தமிழைக் கேட்டுச் சிரிப்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன்.

மாசி மாதம். காலை எட்டு மணிக்குப் போன் வந்தது.

“அண்ணே, ஒரு பெண் மான். ஏழு மணிக்குச் சுட்டேன். நல்ல அடி, நெஞ்சுலதான். ஒரு மணி நேரமாத் தேடுறேன், காணோம்.”

“நீங்கள் உள்ள இறங்கித் தேடினீங்களோ?”

“ஆமா. வயல் பூரா நடந்துட்டேன்.”

எனக்குத் தலை வலிக்கத் தொடங்கியது. இரத்தத்தை மிதித்த சப்பாத்து, போகிற இடமெல்லாம் இரத்தம் வைத்துக்கொண்டே போகும். நாய்க்கு ஒரு மான் இருபது மானாகிவிடும்.

ஒன்பது மணிக்கு அங்கே நின்றேன். பண்ணையின் கடைசி வயல் அது. ஒரு பக்கம் காடு. மறு பக்கம் வேலி, அதற்கு அப்பால் ஒரு நடைபாதை, அதற்கு அப்பால் வீடுகள். டாக்டர் குச்சி நட்டு வைத்திருந்த இடத்தில் முழங்காலில் நின்றேன். உறைபனியில் மூன்று சொட்டு இரத்தம். ஒரு பிடி சாம்பல் மயிர். அவற்றுக்குப் பின்னால் அரைபட்ட பச்சை, ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு, நாற்றத்தோடு.

“இது வயிறு, டொக்டர். நெஞ்சில்லை.”

அவர் காட்டுப் பக்கம் பார்த்தார். “கொஞ்சம் பின்னாடி போயிருக்கலாம்,” என்றார்.

அந்தப் பச்சைக்குள் வெள்ளையாகச் சில மணிகள் இருந்தன. கையுறையால் ஒன்றை எடுத்தேன். ஓரத்தில் சிவப்புக் கோடு. நீளமில்லை, கட்டையாக, பருத்து.

“டொக்டர், இது சோறு.”

“என்னது?”

“சோறு. குத்தரிசிச் சோறு.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். காட்டுக்குள்ளிருந்து காகங்கள் எழும்பின.

“மான் எங்கண்ணே போய்ச் சாப்பிட்டுச்சு? ஈஸ்ட்ஹாம் கோயில்ல பந்தி போட்டாங்களா? அது குடல் புழு. நான் டாக்டர் சொல்றேன்ல. உங்க ஆளுங்க எதப் பாத்தாலும் சோறுதான்.”

புழுவுக்குச் சிவப்புக் கோடு கிடையாது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுப் பானையில் தினமும் கிடக்கிற சாமான் அது. ஆனால் அவர் டாக்டர், குடலைப் பற்றி அவருக்குத் தெரியாததா?

“இருக்கும்,” என்றேன்.

வயிற்றில் பட்ட மானை நாலைந்து மணி நேரம் விட்டுவிட்டுத்தான் தேடப் போக வேண்டும். உடனே போனால் அது எழும்பி இன்னும் தூரம் ஓடும். ஆனால் வீடுகளும் தெருவும் இவ்வளவு கிட்ட இருக்கும்போது காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. டாக்டருக்கும் மத்தியானம் ஷிப்ட் இருந்தது. நாய்க்குப் பட்டியைப் போட்டு விட்டேன்.

முதல் கால் மணி நேரம் அது டாக்டரின் சப்பாத்துகளுக்குப் பின்னால் சுற்றியது. பிறகு நின்றது, மூக்கைத் தூக்கியது, தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒரே நேராக வேலிக்கு இழுத்தது. வேலி முள்ளில் மயிர் இருந்தது. நடைபாதையைக் கடந்தது. தெரு தொடங்குகிற மூலையில், முதலாவது விளக்குக் கம்பத்தடியில் நின்று, வீடுகளின் பக்கம் வாரை முழு பலத்தோடு இழுத்தது. அப்போது ஒன்பதரை.

“அண்ணே, அது குப்பைத் தொட்டிக்குப் போகுது,” என்றார் டாக்டர். “ஞாயித்துக்கிழமை காலைல எல்லா வீட்லயும் பன்றி பொரிக்கறாங்க. எனக்கே வாசனை வருது. அடிபட்ட மான் மனுசங்க வீட்டுக்கா போவும்? காட்டுக்குத்தான் போவும்.”

அவர் சொன்னது நியாயமாக இருந்தது. எனக்குத் தெரிந்த எந்த மானும் மனிதர்களைத் தேடிப் போனதில்லை. வாரைச் சுண்டினேன். நாய் அசையவில்லை. நிலத்தோடு படுத்து, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு கிடந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக, இழுத்தேன். அது இருமியது. திரும்பி என்னைப் பார்த்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கம் வந்தேன்.

குச்சியடியில் திரும்பவும் விட்டேன். திரும்பவும் அதே வேலி, அதே மூலை, அதே கம்பம். திரும்பவும் இழுத்து எடுத்தேன்.

பிறகு காட்டுக்குள் போனோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் முள்ளிலும் சேற்றிலும் நடந்தோம். டாக்டர் முன்னால் போய் ஒவ்வொரு பற்றையாக விலக்கினார். நாய் என் காலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு மரத்தடியில் குந்திவிட்டது, வீடுகள் இருக்கிற பக்கம் பார்த்தபடி.

“உங்க நாய்க்கு இன்னிக்கு லீவு போல,” என்றார் டாக்டர்.

நாய்க்கு பிஸ்கட் எடுக்கலாம் என்று கையுறையைக் கழற்றினேன். கையுறையின் விரல் நுனியில் அந்த ஒரு மணி ஒட்டிக் காய்ந்திருந்தது. நகத்தால் நசித்தேன். அவிந்த சோறு எப்படி நசியுமோ அப்படி நசிந்தது. மாசிக் குளிரில் ஒரு மான் ஒரு தமிழ் வீட்டுச் சோற்றைத் தின்றிருந்தால், அது ஒரு நாள் மட்டும் தின்றிருக்காது. கிட்டத்தில் ஒரு வீட்டில் யாரோ அதற்குத் தினமும் வைக்கிறார்கள். வயிறு கிழிந்த மான், தனக்கு ஒரு கெடுதலும் நடக்காத இடம் என்று நம்பிய இடத்துக்குப் போயிருக்கிறது.

“டொக்டர், இது சோறுதான்,” என்றேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. “நாய் சொன்னதுதான் சரி.”

அவர் சிரிக்கவில்லை. விளக்குக் கம்பம் வரைக்கும் வேகமாக வந்தார். அங்கே நிறுத்தியிருந்த தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

“வீடு இருக்கற தெருவுக்குள்ள துப்பாக்கி எடுத்துட்டு வர முடியாதுண்ணே. வண்டில தனியா விட்டுட்டும் வர முடியாது. நீங்க போங்க. கத்தி இருக்குல்ல?” பிறகு மெதுவாகச் சொன்னார்: “யாராவது கேட்டா, கார் அடிச்சிருச்சுன்னு சொல்லிடுங்க. நமக்கு ஏன் பிரச்சினை.”

தலையாட்டினேன். லண்டனில் ஒரு கறுத்த மனிதன் பைக்குள் கத்தியோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்களின் வீட்டுப் பின்பக்கம் போகிறான். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். நாய் இழுத்தபடி போனது. நிறுத்தியிருந்த ஒரு காரின் பம்பரில் பச்சைத் தீற்றல். நடைபாதைக் கல்லில் ஒரு சொட்டு, காய்ந்து கறுத்திருந்தது. எட்டாவது வீட்டின் பக்கவாட்டில் ஒரு மரக்கதவு பாதி திறந்து கிடந்தது. தட்டுவதற்கு நான் கையைத் தூக்குமுன் நாய் உள்ளே போய்விட்டது. வாரோடு நானும் போனேன்.

பின்வளவில், கொட்டிலுக்கும் மதிலுக்கும் இடையில், மான் படுத்திருந்தது. அதன் மேல் பூப்போட்ட போர்வை ஒன்று போர்த்தியிருந்தது. பக்கத்தில் குளிருடுப்போடு ஒரு பெண், கையில் தண்ணீர்க் கோப்பையோடு குந்தியிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். நாயைக் கண்டார். கோப்பையை எறிந்தார். மதிலில் சாத்தியிருந்த, முற்றம் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

முதல் அடி நாயின் முதுகில் விழுந்தது. நாய் ஊளையிட்டது. நான் அதன் மேல் கவிழ்ந்தேன். இரண்டாவது அடி என் தோளில், மூன்றாவது காதுக்கு மேலே. தடி இரண்டாக முறிந்தது. முறிந்த துண்டால் குத்தினார். அவர் ஆங்கிலத்தில் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். நாய் கடித்துத்தான் மான் இப்படி ஆனது என்று நினைத்திருந்தார்.

“அக்கா, அடிக்காதேங்கோ,” என்றேன். “நாய் கடிக்கேல்லை, அக்கா.”

தடி அந்தரத்தில் நின்றது.

“தமிழோ?”

“ஓம்.”

“பிறகேன் எடா நாயைக் கொண்டு துரத்துறாய்? அது வயித்தில பிள்ளையோட கிடக்குது!”

“துரத்தேல்லை. தேடி வந்தனான். காயப்பட்டதைத் தேடுற நாய் இது.”

அவர் மூச்சு வாங்க நின்றார். என் காதிலிருந்து இரத்தம் கழுத்துக்குள் இறங்கியது. நாயைக் கொட்டில் கைபிடியில் கட்டினேன். அது மானைப் பார்க்கவில்லை. அடிபட்ட இடத்தை நக்கிக்கொண்டிருந்தது.

“என்ன நடந்தது இதுக்கு?” என்று கேட்டார்.

“கார் அடிச்சதாம்,” என்றேன். சொல்லும்போது நிலத்தைப் பார்த்தேன்.

அவர் போர்வையைத் தூக்கினார். மான் தலையை உயர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்பவும் போட்டது. இடது விலாவின் கடைசி எலும்புக்குப் பின்னால் சிறிய துளை, என் சுண்டு விரல் போகிற அளவு. மறு பக்கம் கீழே, குடலின் ஒரு வளையம் வெளியே வந்து புல்லோடும் மண்ணோடும் ஒட்டிக் கிடந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் அந்த வளையம் கொஞ்சம் உள்ளே போய் வந்தது. இப்படியே ஏழரையிலிருந்து கிடக்கிறது என்று அவர் சொன்னார். உதவிக்குப் போன் பண்ணினாராம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆள் வரச் சுணங்கும் என்றார்களாம்.

“தம்பி,” என்றார். அவர் இப்போது கத்தவில்லை. “நீர் எந்த வருசம் இஞ்ச வந்தனீர்?”

சொன்னேன்.

“அப்ப ஊரில கடைசிச் சண்டைக்கு முதலே வந்திட்டீர். நான் அதுக்குள்ள நிண்டனான். சின்ன ஓட்டையாப் போய்ப் பெரிசாக் கிழிச்சு வெளிய வாறது என்னெண்டு எனக்குத் தெரியும். எனக்குக் காரெண்டு சொல்லுறீரோ?”

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

“வெடிதான், அக்கா.”

“ஆர்?”

“என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவர். தெரு மூலையில நிக்கிறார்.”

“கூப்பிடும் அவரை. செய்தவர் வந்து பாக்கோணும்.”

போனை எடுத்தேன். விரலெல்லாம் ஈரம், காதில் வைக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டுப் புல்லின் மேல் வைத்தேன். டாக்டர் உடனே எடுத்தார்.

“கிடைச்சிருச்சாண்ணே? வீட்ல யாராச்சும் பாத்தாங்களா? கார்னு சொல்லிட்டீங்கள்ல?”

அந்தப் பெண் போனுக்கு மேல் குனிந்தார்.

“சொன்னவர். நான் நம்பேல்லை. வந்து பாருங்கோ.”

டாக்டர் தான் யார் என்று சொன்னார். மன்னிப்புக் கேட்டார். துப்பாக்கியை விட்டுவிட்டு வர முடியாது என்று எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னார்.

“டொக்டரோ நீங்கள்? மயக்கிற டொக்டரோ? அப்ப ஒரு ஊசி போடேலாதோ இதுக்கு? ஒண்டும் வேண்டாம், நித்திரையாக்கி விட்டால் போதும்.”

“மருந்தெல்லாம் ஆஸ்பத்திரிலதாம்மா இருக்கும். வெளிய எடுத்துட்டு வர முடியாது.”

“தைக்கேலாதோ?”

போனில் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. மான் அப்போது கத்தியது. ஆடு கத்துவது போல இருக்காது அது. தொண்டைக்குள்ளேயே அறுந்துபோகிற சத்தம். போனிலும் அது போயிருக்கும். டாக்டர் வைத்துவிட்டார்.

“அக்கா,” என்றேன், “தைக்கேலாது. குடல் கிழிஞ்சு உள்ளுக்கெல்லாம் ஊத்தை. விட்டால் பின்னேரம் வரைக்கும் கிடக்கும். நான் முடிக்கிறன். எனக்கு அது தெரியும்.”

“எதால?”

பையைத் திறந்து காட்டினேன். அவர் கத்தியைப் பார்த்தார், மானைப் பார்த்தார், பிறகு எழுந்து போனார். போலீசுக்குச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். வீட்டின் பின்கதவைச் சாத்தித் திரையை இழுத்து மூடிவிட்டுத் திரும்பி வந்து, மானின் தலைமாட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

“தலையை நான் பிடிக்கிறன். என்ர கையெண்டால் பேசாமல் கிடக்கும்.”

“உதைக்கும், அக்கா.”

“உதைக்கட்டும்.”

அவர் மானின் தாடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு கையால் அதன் கண்ணைப் பொத்தினார். குனிந்து அதன் காதுக்குள் செபம் சொல்லத் தொடங்கினார். நான் என் முழங்காலை அதன் தோளில் வைத்து அழுத்தினேன். நெஞ்செலும்பு தொடங்குகிற பள்ளத்தை விரலால் தேடினேன். தினமும் இறைச்சி வெட்டுகிற கைதான். ஆனால் கடையில் என் முன்னால் வருவது குளிர்ந்த சாமான். இது சூடாக இருந்தது, என் விரலுக்கு அடியில் துடித்தது. ஒரே குத்தில் பிடி வரைக்கும் இறக்கி, பின்பக்கம் சாய்த்து இழுத்தேன்.

இரத்தம் பம்பில் வருவது போல வந்தது. என் முழங்கை வரைக்கும், அவருடைய மடி முழுக்க. மான் முழு உடம்பையும் வில்லாக வளைத்தது. பின்னங்கால் ஒன்று என் தொடையில் பட்டுக் காற்சட்டையையும் தோலையும் சேர்த்துக் கிழித்தது. மற்றக் கால் கொட்டில் பலகையை அடித்தது. அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். குடல் வளையம் இன்னும் வெளியே வந்து என் சப்பாத்தில் சுற்றியது. நான் அழுத்தியபடியே இருந்தேன். அவர் பிடியை விடவில்லை. செபத்தையும் நிறுத்தவில்லை, சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போனது. கால்கள் ஓடுவது போல அசைந்தன, மெதுவாக, இன்னும் மெதுவாக. பிறகு நின்றன. பொத்தியிருந்த கையை அவர் எடுத்தார். கண் திறந்தபடி இருந்தது. நான் விரலால் கண்மணியைத் தொட்டுப் பார்த்தேன். இமை மூடவில்லை.

“முடிஞ்சுது,” என்றேன்.

“உள்ளுக்க இருக்கிறது?”

“அதுவும் முடிஞ்சிடும், அக்கா.”

அவர் கையைத் தன் குளிருடுப்பில் துடைத்தார். குளிருடுப்பில் துடைக்க இடம் இருக்கவில்லை.

பக்கக் கதவில் டாக்டர் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது. வண்டியை வாசலுக்கே கொண்டுவந்து, துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். அவருடைய பச்சை ஜாக்கெட்டில் ஒரு சொட்டு இரத்தம் கூட இல்லை. மானையும் எங்களையும் பார்த்தார். மதில் பக்கம் திரும்பி வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் தினமும் வயிற்றைக் கிழித்துத் திறப்பதைப் பார்க்கிறவர்.

டாக்டர் வாயைத் துடைத்து முடிக்கும் வரை அந்தப் பெண் காத்திருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். முறிந்த தடி பக்கத்திலேயே கிடந்தது.

“இதை நான் இஞ்ச வைச்சிருக்கேலாது,” என்றார். “கொண்டு போங்கோ. ஆனால் பின்பக்கம் நீங்கள் பிடிக்கோணும். அவர் முன்பக்கம் பிடிக்கட்டும்.”

டாக்டர் குனிந்து பின்னங்கால்களைப் பிடித்தார். நாங்கள் தூக்கியதும் கிழிந்த வயிற்றுக்குள் மிச்சம் இருந்ததெல்லாம் அவர் மேல் கொட்டியது. புல், பச்சைத் தண்ணீர், முந்திய நாள் சோறு. ஜாக்கெட்டிலும் காற்சட்டையிலும் சப்பாத்துக்குள்ளும். அவர் ஒரு தடவை மட்டும் கண்ணை மூடினார். காலை விடவில்லை. வண்டியின் பின்னால் இருந்த பிளாஸ்டிக் தட்டில் மானைக் கிடத்தினோம். நெஞ்சில் பட்டதாக அவர் முதலில் சொன்னது ஞாபகம் இருந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

“ஏறுங்கண்ணே, வீட்ல விடறேன்,” என்றார்.

“நீங்கள் போங்கோ. நான் வளவைக் கழுவிப்போட்டு பஸ்ஸில வாறன்.”

அவர் போனார்.

குழாயை நீட்டித் தண்ணீர் அடித்தேன். இரத்தம் புல்லுக்குள் இறங்க மறுத்து, உறைந்து, துண்டு துண்டாக மிதந்தது. அந்தப் பெண் உள்ளே போய் உடுப்பு மாற்றிக்கொண்டு, என் காதுக்கு மருந்துத் துணியும் கேத்திலில் தேத்தண்ணியும் இரண்டு கோப்பையும் கொண்டு வந்தார். நாயின் முதுகைத் தடவிப் பார்த்தார். நாய் விலகாமல் நின்றது. கொட்டில் படியில் உட்கார்ந்தோம்.

“காலமை கதவைத் தலையால முட்டிச்சுது,” என்றார். “சாப்பாட்டுக்கு வந்திட்டுதாக்கும் எண்டு சட்டியோட வாறன், குடல் இழுபடுது. கையைப் போட்டு உள்ளுக்குத் தள்ளிப் பாத்தன். அது நக்கிச்சுது என்ர கையை.” கோப்பையைப் படியில் வைத்தார். “ஏழரைக்கு வந்தது. நீர் வரப் பதினொண்டாச்சு. உந்த வயல் எவ்வளவு தூரம், பத்து நிமிசமும் இல்லை. காயப்பட்டதைத் தேடுற நாய் எண்டனீர். இவ்வளவு நேரமும் எங்க நிண்டனீர் தம்பி?”

விளக்குக் கம்பம் அவர் வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் தெரிகிற தூரம்தான். ஒன்பதரைக்கு நான் அங்கே நின்றேன். நாய் என்னை அங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது, இரண்டு தரம். இரண்டு தரமும் அதன் கழுத்தை நெரித்து இழுத்துக்கொண்டு போனது நான். சோறு என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் சிரித்தார் என்பதற்காக வாயை மூடிக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரமும் இந்த மான் இந்தப் போர்வைக்கு அடியில் கிடந்தது. இவர் அதற்குத் தண்ணீர் பருக்கிக்கொண்டு இருந்தார்.

டாக்டர் செய்ததை நான் இவரிடம் சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை.

“வழி பிடிபடேல்லை, அக்கா,” என்றேன். “வயல் முழுக்கச் சப்பாத்துக் கால். நாய்க்கு மணம் எடுபடேல்லை.”

அவர் நாயைப் பார்த்தார். நாய் அவர் பக்கம் வாலை ஆட்டியது.

“பாவம்,” என்றார். “நீங்கள் ரெண்டு பேரும் எவ்வளவு அலைஞ்சிருப்பியள். நான் வேற அடிச்சுப்போட்டன்.”

என் கோப்பை காலியாக இருந்ததைக் கண்டு கேத்திலை எடுத்தார்.

“இன்னும் கொஞ்சம் விடட்டோ?”

“ஓம்,” என்று கோப்பையை நீட்டினேன்.